போத்தல் வந்துவிட்டது, கை எங்கே?

ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம் வரும் சூட்கேசுக்குள் என்ன இருக்கும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேலே சொக்லேட், நடுவில் உடுப்பு, உடுப்புக்குள் சுற்றியபடி மருந்துச் சாமான். கோடாலித் தைலம் அரை டசின். வோல்டரன் களிம்பு நாலைந்து. டீப் ஹீட் இரண்டு. அண்மைக்காலமாக லவண்டர், பெப்பர்மின்ட், யூக்கலிப்டஸ் என்று பெயர் ஒட்டிய, பெருவிரல் அளவேயான மண்ணிறப் போத்தல்களும் சேர்ந்து வருகின்றன. எல்லாம் அம்மாவின் முழங்காலுக்கு.

அம்மா ஒவ்வொன்றாகத் திறந்து மணந்து பார்க்கிறார். பிறகு அலுமாரியில் அழகாக அடுக்கி வைக்கிறார். அடுத்த வருடம் மகள் வந்து பார்த்தால் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். "ஏனம்மா பூசேல்லையோ?" என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பூசலாம் பிள்ளை. ஆர் உரஞ்சி விடுறது?"

மூட்டு நோவுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று எல்லாரும் கேட்கிறார்கள். பரியாரியாரிடம் கேட்கிறார்கள், பாமசிக்காரரிடம் கேட்கிறார்கள், வட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். அந்த அம்மா கேட்கிற கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கோ, இவ்வளவு காலமும் வாசித்ததிலும் பார்த்ததிலும், விஷயம் முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்று படுகிறது.

நோ, உளைவு, விறைப்பு

யாழ்ப்பாணத் தமிழில் வலிக்கு உள்ள சொற்களை ஒரு வைத்தியர் காது கொடுத்துக் கேட்டால் பாதி நோயை அங்கேயே பிடித்துவிடலாம். நோ என்பது பொதுச்சொல். தொட்டால் நோகும், நடந்தால் நோகும். உளைவு வேறு: பகல் முழுக்க வேலை செய்துவிட்டுப் பாயில் சரிந்த பிறகு, எலும்புக்குள் யாரோ மெல்லக் கடைவதுபோல வருவது. விறைப்பு காலையில் வருவது. குத்து, படி ஏறும்போது வருவது. பிடிப்பு என்பது மூட்டில் இல்லை, அதைச் சுற்றிய சதையில்.

தேய்ந்துபோன முழங்காலில் காலை விறைப்பு இருக்கும். ஆனால் அரை மணித்தியாலத்துக்குள் விட்டுப் போய்விடும். நாலு அடி நடந்தால் இளகும். மாறாக, காலையில் எழும்பினால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விரல் மடங்கவில்லை, இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கம் என்றால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அது உடம்பின் காவல்படையே உடம்பின் மூட்டைத் தாக்குகிற நோய். அதற்கு எண்ணெய் போட்டுக்கொண்டு ஒரு வருடம் காத்திருந்தால் அந்த வருடத்தில் மூட்டு அரிக்கப்பட்டுவிடும். அரித்தது திரும்பி வராது. நடுச்சாமத்தில் கால் பெருவிரல் திடீரென்று நெருப்பாகக் கொதித்தால், போர்வை பட்டாலே உயிர் போகிறதென்றால், அது யூரிக் அமிலத்தின் வேலை. முதல் நாள் சாப்பிட்ட கணவாய்க் கறியையும் குடித்த கள்ளையும் அப்போதுதான் நினைக்க வரும்.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் முதலாவது வகையைப் பற்றியது: தேய்மான வாதம். குடாநாட்டின் முழங்கால்கள் தேய்வதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. வெங்காயத் தறைக்குள் நாள் முழுக்கக் குந்தியிருந்து களை பிடுங்கிய கால்கள் அவை. துருவலையில் இருந்து தேங்காய் துருவிய கால்கள். பனை ஏறி இறங்கிய கால்கள். நல்லூர்க் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் மணலில் வெறுங்காலோடு நடந்து, தேருக்குப் பின்னால் அடியழித்துப் போன பெண்களின் கால்கள். முழங்கால் நோ மாறவேண்டும் என்று நேர்ந்து முழங்காலாலேயே அடியழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முருகன் என்ன நினைப்பானோ தெரியாது.

கார்த்திகையில் வாடைக்காற்று தொடங்கினால் இந்தக் கால்கள் வானொலிக்கு முன்னமே காலநிலை அறிவிக்கும்.

அம்மம்மாவின் சட்டி

என் அம்மம்மா நோவெண்ணெய் காய்ச்சுவது வருடத்துக்கு ஒருமுறை, மாரி தொடங்குமுன். நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், இலுப்பெண்ணெய் மூன்றும் சம அளவில். அதற்குள் நொச்சி இலைச் சாறு, இடித்த உள்ளி, ஒரு துண்டு இஞ்சி. மெல்லிய நெருப்பில் சாற்றின் நீர் முழுக்கச் சுண்டும்வரை கிண்டவேண்டும். சட்டியின் 'சடசட' சத்தம் அடங்கினால் நீர் போய்விட்டதென்று கணக்கு. அடியில் தங்குகிற வண்டலை விரலால் உருட்டிப் பார்ப்பார். அடுப்பை அணைத்து, எண்ணெய் கைச்சூட்டுக்கு ஆறிய பிறகுதான் கற்பூரம் போடுவார். நெருப்பில் இருக்கும்போது போட்டால் கற்பூரமும் போய்விடும், சில வேளை வீடும் போய்விடும் என்பார்.

அவருக்குத் தெரியாமலே அவர் ஒரு நூல் முறையைத்தான் செய்துகொண்டிருந்தார். சித்த மருத்துவத்தில் தைலம் காய்ச்சுவதற்கு மெழுகுப் பதம், மணற் பதம், கடுகுப் பதம் என்று பதங்கள் உண்டு. வண்டல் விரலில் மெழுகாய்த் திரளுகிறதா, மணலாய் நெருடுகிறதா என்பதுதான் அளவுகோல். குடிக்க, மூக்கில் விட, மேலே பூச என்று ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வொரு பதம். வெப்பமானி இல்லாத காலத்தில் விரல்தான் வெப்பமானி.

யாழ்ப்பாணத்துக்கு இதில் தனி உரித்து இருக்கிறது. இங்கே ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் மாறிமாறிச் செகராசசேகரன், பரராசசேகரன் என்று பட்டம் சூடியவர்கள். அந்தப் பட்டங்களின் பெயரிலேயே செகராசசேகரம், பரராசசேகரம் என்ற இரண்டு பெரிய வைத்திய நூல்கள் நிற்கின்றன. ஓலையில் கிடந்த பரராசசேகரத்தைத் தேடியெடுத்து 1920களின் கடைசியிலும் 1930களிலும் பகுதி பகுதியாக அச்சேற்றியவர் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை. அரண்மனை போய்விட்டது, சங்கிலியன் தோப்பில் ஒரு வளைவு மட்டும் மிச்சம். மருந்து நூல்கள் மிஞ்சிவிட்டன. மானிப்பாயில் 1848இல் மருத்துவப் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரி சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்துத் தமிழிலேயே புத்தகமாக்கினார். ஆகவே குடாநாட்டுக்காரருக்கு இரண்டு வைத்தியமும் தமிழில் தெரியும். ஒரே கிழமையில் பெரியாசுப்பத்திரிக் கிளினிக்குக்கும் பரியாரியார் வீட்டுக்கும் போய் வருவதில் யாருக்கும் கூச்சம் இல்லை.

சித்தர்களின் கணக்கில் வாத நோய் எண்பது. தேய்மான மூட்டு நோவை அழல்கீல் வாயு என்பார்கள். அதற்கு உள்மருந்து, வெளிமருந்து இரண்டும் சொல்லியிருக்கிறது. வெளிமருத்துவத்தில் தொக்கணம் என்று ஒன்று. இன்றைக்கு மசாஜ் என்று சொல்வதன் பழைய பெயர் அது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. இந்தப் பட்டியலை நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஒன்பதும் தொழிற்பெயர். ஒன்பதும் கை செய்கிற வேலை. எண்ணெயின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை.

இந்த ஒன்பதும் இன்றைக்கும் படிப்பிக்கப்படுவது கைதடியில். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவப் படிப்பு 1984இல் தொடங்கியது. படிப்பும் சித்த போதனா வைத்தியசாலையும் கைதடியிலேயே.

சைக்கிள் செயினும் முழங்காலும்

எண்ணெய் உள்ளே போய் மூட்டுக்கு மசகு போடுகிறது என்று நம்புகிறவர்கள் நிறையப்பேர். சைக்கிள் ஊர்க்காரர் நாங்கள். காய்ந்த செயினுக்கு இரண்டு துளி விட்டால் சத்தம் நின்றுவிடும் என்பது அனுபவம். முழங்கால் அப்படியில்லை. அது உறையிட்டு மூடிய மூட்டு. அதற்குள் ஊறும் திரவத்தை அந்த உறையின் உள்தோலே சுரக்கிறது. தோலுக்கு மேல் ஒரு போத்தல் நல்லெண்ணெயைக் கவிழ்த்தாலும் ஒரு துளி உள்ளே போகாது. தேய்ந்த குருத்தெலும்பு எந்தத் தைலத்தாலும் வளராது. அப்படி வளரும் என்று விளம்பரம் செய்கிறவரிடம் போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அப்படியானால் பூசினால் சுகமாக இருப்பது எப்படி? பொய்யா? பொய்யில்லை.

மேசைக்காலில் முழங்கால் அடிபட்டால் முதலில் என்ன செய்கிறோம்? கையால் தேய்க்கிறோம். யாரும் சொல்லித் தரவில்லை. 1965இல் றொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்ற இருவர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள்: முள்ளந்தண்டில் ஒரு படலை இருக்கிறது, தொடுகையும் அழுத்தமும் கொண்டுவரும் செய்தி அந்தப் படலைக்குள் நுழைந்தால், நோவின் செய்திக்கு வழி ஒடுங்கிவிடும். இதோடு சதை இளகும், இரத்த ஓட்டம் கூடும், நித்திரை வரும். நோ குறைந்தால் நடை கூடும். நடை கூடினால் தொடைச் சதை பலக்கும். தொடைச் சதை பலத்தால் முழங்காலில் விழும் பாரம் குறையும். எண்ணெய்க்கு இதில் உள்ள பங்கு, கை வழுக்கிப் போக உதவுவது. தோல் உரியாமல் காப்பது. சூடாக்கிப் பூசினால் சூட்டைப் பிடித்து வைப்பது. பங்கு சிறிதுதான், ஆனால் தேவையான பங்கு.

2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு இரண்டு பேருக்குக் கிடைத்தது. ஒருவர் டேவிட் ஜூலியஸ்: மிளகாயின் காரத்தை வைத்துக்கொண்டு, சூட்டையும் எரிவையும் உணரும் நரம்பின் வாசலைக் கண்டுபிடித்தவர். மற்றவர் ஆர்டெம் பட்டபூட்டியன்: அழுத்தத்தை, தொடுகையை உணரும் வாசலைக் கண்டுபிடித்தவர். மெந்தோலின் குளிரை உணரும் வாசலை இருவரும் தனித்தனியே கண்டார்கள். பட்டபூட்டியன் பெய்ரூட்டில் பிறந்து, உள்நாட்டுப் போருக்குள் வளர்ந்து, ஊரை விட்டு ஓடியவர். நோவெண்ணெய்ப் போத்தலும் அதை உரஞ்சுகிற கையும் சேர்ந்து ஒரு நோபல் வாங்கியதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

சோதனைகளும் உண்டு. அமெரிக்காவில் அடம் பேர்ல்மன் குழுவினர் 2006இல் முழங்கால் தேய்மானம் உள்ள 68 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் உடல்பிடி கொடுத்துப் பார்த்தார்கள். நோவும் விறைப்பும் குறைந்தன. 2012இல் 125 பேரை வைத்து எவ்வளவு நேரம் வேண்டும் என்று பார்த்தார்கள். கிழமைக்கு ஒருமுறை ஒரு மணித்தியாலம் போதும் என்று வந்தது. 2019இல் 222 பேர். இந்த முறை ஒரு கூட்டத்துக்கு முறையான உடல்பிடி, இன்னொரு கூட்டத்துக்குச் சும்மா மெல்லக் கை வைத்திருத்தல், மூன்றாவது கூட்டத்துக்கு வழமையான சிகிச்சை மட்டும். எட்டாவது வாரத்தில் உடல்பிடி மற்ற இரண்டையும் வென்றது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது மூன்று கூட்டத்துக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது வேலை செய்கிறது, ஆனால் நிரந்தரமாக இல்லை. தொடர்ந்து செய்யவேண்டும். சோறுபோல.

வாசனை எண்ணெய்க்கு? ஹொங்கொங்கில் முதியவர் 59 பேருக்கு இஞ்சி, தோடம்பழ எண்ணெய் கலந்து முழங்கால் பிடித்துவிட்டு 2008இல் வெளியிட்ட ஆய்வில், நோ உடனே குறைந்தது. நாலு வாரத்தில் அந்தப் பலன் நிற்கவில்லை. ஈரானில் நல்லெண்ணெயையும் டைக்ளோபினாக் களிம்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நல்லெண்ணெய் பின்தங்கவில்லை என்று 2019இல் எழுதினார்கள். அம்மம்மா இருந்திருந்தால், "இதுக்கு ஈரானுக்குப் போகவேணுமோ" என்று கேட்டிருப்பார்.

என்னை நிறுத்திவைத்த கணக்கு இன்னொன்று. வோல்டரன் போன்ற களிம்புகளைப் பற்றிய சோதனைகளை எல்லாம் திரட்டிப் பார்த்த கொக்ரேன் ஆய்வொன்றில், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பூசியவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு நோ நன்றாகக் குறைந்தது. மருந்து சேர்க்காத வெறுங்களிம்பு பூசியவர்களில்? பத்துக்கு ஐந்து பேருக்கு. மருந்து சேர்த்துக் கொடுத்தது அந்த ஒருவரைத்தான். மற்ற ஐந்து பேருக்கும் எது வேலை செய்தது? நம்பிக்கை ஒரு பங்கு; நோ தானே ஏறி இறங்குவது ஒரு பங்கு. ஆனால் அந்த வெறுங்களிம்பையும் நாளுக்கு இரண்டு மூன்று தரம் முழங்காலில் தேய்த்தார்கள் என்பதை நான் மறக்கத் தயாரில்லை.

குளிசை இல்லாத காலம்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது குடாநாட்டில் மண்ணெண்ணெய் போத்தல் விலை தங்கம்போல ஏறியது. ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து எரித்தோம். பெற்றோல் இல்லை, ஆசிரியரும் அரச உத்தியோகத்தரும் கமக்காரரும் சைக்கிளில்தான். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வந்து திரும்புவது ஒரு விஷயமே இல்லை. (அந்த மிதிப்புத்தான் அந்தத் தலைமுறையின் முழங்கால்களைக் கொஞ்சமாவது காப்பாற்றியது என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு. சைக்கிள் மிதிப்பது தேய்ந்த முழங்காலுக்கு நல்ல பயிற்சி.) குளிசை தட்டுப்பாடாக இருந்த வீடுகளில் வேப்பமரமும் இலுப்பை மரமும் நொச்சி வேலியும் இருந்தன. சூடு காட்டிய எருக்கலை இலையும், உப்பும் தவிடும் முடிந்த துணிப் பொட்டளியும் இருந்தன. ஒத்தணம் பிடிக்க ஆளும் இருந்தது.

2006இல் அதே கதை வேறு உருவத்தில் வந்தது. ஆவணியில் முகமாலைச் சோதனைச்சாவடி மூடி, தெற்குக்குப் போகும் ஏ9 பாதை நின்றது. சாமான் கப்பலில் வந்தது. சங்கக்கடை வாசலில் வரிசை. அந்த மாரியில் சிக்குன்குனியா இறங்கியது. கிழக்கு ஆபிரிக்காவின் மக்கொண்டே மொழியில் அந்தப் பெயருக்கு 'வளைந்து போவது' என்று பொருள். 1952இல் அங்கே முதலில் இனங்கண்ட நோய் அது. யாழ்ப்பாணத்தில் அந்த மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. காய்ச்சல் நாலு நாளில் விட்டது, மூட்டு நோ மாதக்கணக்கில் விடவில்லை. நாற்பது வயது ஆட்கள் சுவரைப் பிடித்து நடந்தார்கள். ஊரடங்குக்குள், பனடோல் முடிந்த வீடுகளில், ஒருவர் காலை ஒருவர் உரஞ்சினார்கள். நோகாதவர் நொந்தவரை, நொந்தவர் அதிகம் நொந்தவரை. கடும் காய்ச்சல் நாளில் வீங்கிச் சிவந்த மூட்டை அழுத்திப் பிடிப்பது சரியில்லை என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு மெல்லத் தடவத்தான் எல்லாருக்கும் பலம் இருந்தது. அது நல்லதாய்ப் போயிற்று.

மண்ணிறப் போத்தலுக்குள் என்ன?

சூட்கேசில் வந்த குட்டிப் போத்தலுக்கு வருவோம். நல்லெண்ணெயும் இதுவும் பெயரில்தான் எண்ணெய். இது இலை, பட்டை, பூ ஆகியவற்றை ஆவியில் வடித்து இறக்கிய சாரம். வடிசாராயம் மாதிரி. ஒரு துளிக்குள் ஒரு கூடை இலை. அதனால்தான் அதை அப்படியே பூசக்கூடாது. முப்பது மில்லிலீற்றர் நல்லெண்ணெய்க்கோ தேங்காயெண்ணெய்க்கோ பன்னிரண்டு துளி என்றால் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு. வயதானவர்களின் மெல்லிய தோலுக்கு ஆறு துளியே போதும். முதலில் முழங்கைக்கு உட்பக்கம் கொஞ்சம் பூசி ஒரு நாள் விட்டுப் பார்ப்பது புத்தி.

எங்கள் தீவே கறுவாவின் தீவு. கறுவா எண்ணெய் உள்ளூர்ச் சரக்கு, நல்லதாய்த்தான் இருக்கும் என்று எடுத்துப் பூசுகிறவர்கள் உண்டு. கறுவாப் பட்டை எண்ணெய் தோலை மோசமாக எரிக்கும். இலை எண்ணெயும் லேசுப்பட்டதல்ல. உணவில் போட்டால் மணம், தோலில் போட்டால் புண்.

சூடேற்றும் களிம்புகளில் உள்ள மெத்தில் சலிசிலேற்று ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. விண்டர்கிறீன் எண்ணெய் என்பது ஏறக்குறைய முழுக்க அதுவே. அதில் ஒரு தேக்கரண்டி, இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் குளிசைக்குச் சமம். குழந்தை எடுத்துக் குடித்தால் உயிராபத்து. கற்பூரமும் அப்படியே: சிறு பிள்ளை விழுங்கினால் வலிப்பு வரும். அலுமாரியில் அழகாக அடுக்கிய போத்தல்கள் பேரப்பிள்ளை விடுமுறைக்கு வரும்போது மேல்தட்டுக்குப் போகவேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கிறவர்கள் இந்தச் சூட்டுக் களிம்புகளை நிறையப் பூசுமுன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்கவேண்டும். பூசிய இடத்தில் ஒத்தணம் வைத்துக் கட்டினால் தோல் பொசுங்கும்.

ஒத்தணத்தில் இன்னொரு வில்லங்கம். நீரிழிவு நீண்டகாலம் இருந்த காலுக்குச் சூடு தெரியாது. 'இன்னும் சூடாக வை' என்று அப்பா சொல்வார். அடுத்த நாள் தோல் கொப்பளித்திருக்கும். பிடித்துவிடுகிறவர் தன் கையில் சூடு பார்க்கவேண்டும், நோயாளியின் வாயில் கேட்கக்கூடாது.

மூட்டு சிவந்து கொதித்து வீங்கியிருந்தால் கை வைக்க வேண்டாம். காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு வீங்கினால் அன்றைக்கே பெரியாசுப்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும். மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால் அதைப் பிசையவே கூடாது, நாளத்துக்குள் இரத்தம் கட்டியிருக்கலாம். விழுந்து எழும்பிய பிறகு வந்த நோவுக்கு முதலில் எக்ஸ்ரே. இலவச மூலிகைத் தூள் என்று யாராவது தந்து, இரண்டே நாளில் நோ முழுக்க நின்று முகம் உப்பினால், அந்தத் தூளுக்குள் ஸ்டீரொயிட் ஒளிந்திருக்க இடமுண்டு.

உரஞ்சுகிற முறை

முழங்காலைத் தேய்ப்பதைவிட முழங்காலுக்கு மேல் உள்ள தொடைச் சதையைப் பிடிப்பது பலன் தரும். முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை. எண்ணெய் கைச்சூட்டில். முதலில் உள்ளங்கையால் கீழிருந்து மேலே, நெஞ்சை நோக்கி நீவுதல். பிறகு தொடைச் சதையைக் கைநிறைய எடுத்து மெல்லப் பிசைதல். முழங்காற் சில்லுக்கு நேர் மேலே அழுத்தம் வேண்டாம், சுற்றிவரப் பெருவிரலால் வட்டம் போட்டால் போதும். முழங்காலின் பின்குழியைத் தொடாமல் விடுவது நல்லது; இரத்தக் குழாய்கள் அங்கே மேலாகவே ஓடுகின்றன. பத்துப் பதினைந்து நிமிடம். அதற்குப் பிறகு காலை நீட்டி மடக்கிப் பத்துத் தரம். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பிரித்தானியாவின் 2022 வழிகாட்டி, உடற்பயிற்சியோடு சேர்த்தால் மட்டும் கைச்சிகிச்சை கொடுக்கலாம் என்கிறது. நானும் அதே கட்சி. எண்ணெய் போட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் சரிந்து படுப்பது பாதி வைத்தியம். உடல் பாரம் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் நாலு கிலோ பாரம் குறையும் என்பதும் அளந்து கண்ட கணக்கு. இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் எனக்குப் புட்டுக் குறையும் என்பதால் மெதுவாகச் சொல்கிறேன்.

யார் உரஞ்சுவது என்ற கேள்வி இன்னும் நிற்கிறது.

முன்பு இதற்கு ஆள் தேடவேண்டியதில்லை. பேத்தி இருந்தாள், மருமகள் இருந்தாள், பிள்ளைப்பெறு பார்த்துக் கிழமைக்கணக்கில் எண்ணெய் போட்டுக் குளிக்க வார்த்த மருத்துவிச்சி ஊருக்கொருவர் இருந்தார். 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் அறுபது கடந்தவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டைத் தாண்டிவிட்டார்கள். குடாநாட்டில் அவர்களுடைய பிள்ளைகள் இலண்டனிலும் பாரிசிலும் ஸ்காபரோவிலும். வீட்டைச் சுற்றி மதில் உயர்ந்திருக்கிறது, உள்ளே இரண்டு பேர், சில வேளை ஒருவர். காசு கொடுத்து ஆள் பிடிக்கலாம் என்றால் மசாஜ் என்ற சொல்லே இங்கே கெட்டுப்போய்விட்டது. ஸ்பா என்று பலகை போட்டால் ஊர் ஒரு மாதிரிப் பார்க்கிறது, பொலிசும் பார்க்கிறது. தொக்கணம் படித்த பட்டதாரிகள் இருக்கிறார்கள், இயன்மருத்துவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கிளினிக் வரை வர அந்த அம்மாவின் முழங்கால்தான் விடுவதில்லை. வீட்டுக்கு வந்து கிழமைக்கு ஒருநாள் காலைத் தொட ஒரு ஆள் என்பது ஒரு கௌரவமான தொழிலாக இங்கே இன்னும் உருவாகவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் போத்தல் வாங்கும் காசில் பாதியை அதற்கு அனுப்பினால் உருவாகிவிடும் என்று நினைக்கிறேன்.

அதுவரைக்கும் தன் கையே தனக்கு. முழங்கால் தேய்மானம் உள்ள 40 பேருக்குத் தங்கள் தொடைச் சதையைத் தாங்களே இருபது நிமிடம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த ஒரு சோதனை 2013இல் வெளிவந்தது. அவர்களுக்கும் நோ குறைந்தது. கதிரையில் இருந்தபடி, இரண்டு கையையும் முட்டியாக்கித் தொடையை மேலிருந்து கீழ் உருட்டினால் சரி. விரல் மூட்டும் நோகிறவர்களுக்கு இது சரிவராது. அவர்களுக்குத்தான் இன்னொரு ஆளின் கை கட்டாயம் வேண்டும்.

கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு அம்மாமார். ஒருவருக்கு எழுபத்திரண்டு, மற்றவருக்கு அறுபத்தெட்டு. பிள்ளைகள் ஏழு பேரும் ஐந்து நாட்டில். ஏழு மணி நாடகம் முடிந்தவுடன் இளையவர் டோர்ச் எடுத்துக்கொண்டு படலையைத் திறந்து வருகிறார். நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிச் சுடுதண்ணிக்குள் வைக்கிறார்கள், கனடாப் போத்தலில் ஐந்தாறு துளி அதற்குள் விழுகிறது. ஒரு நாள் ஒருவர் கால், மறுநாள் மற்றவர் கால். உரஞ்சும்போது ஊர்க்கதை முழுக்க உரஞ்சப்படுகிறது. போன கிழமை நான் போனபோது மூத்தவர் காலை நீட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"கொஞ்சம் மேலே பிடியும் தங்கச்சி... ஓ, அதிலைதான்."

"நாளைக்கு என்ர முறை அக்கா, மறந்துபோகாதேங்கோ. நேற்று நாடகத்தைப் பார்த்துக்கொண்டு வேண்டுமெண்டு மறந்தனீங்கள்."